குளிர்நடுக்கம் வந்த முதல் நாளும் அதன் பிறகும்: நிணநீர்ப் புற்றுநோய்க்கான சிரைவழி மருந்தேற்றம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த, பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற 61 வயது ஆண் ஒருவருக்கு, ரத்தப் புற்றுநோய் வகைகளுள் ஒன்றான நிணநீர்ப் புற்றுநோய்க்காக ஆறு சுழற்சிகளில் அளிக்கப்பட்ட சிரைவழிச் சிகிச்சை இங்கே விவரிக்கப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவர்களைப் பொறுத்தவரை இதில் அரிதான எதுவும் இல்லை. இதை எழுதத் தூண்டியதும் அதுதான். அவருக்கு நேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை இதே மருந்தைப் பெறும் எவருக்கும் நேரக்கூடியவை என்பதால், நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டுவதற்கு முன்பே நோயாளியும் வீட்டாரும் இவற்றைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

நோய் கண்டறியப்பட்ட விதம்

கழுத்தின் இடப்பக்கத்தில் வலியில்லாத கட்டி ஒன்று தோன்றி மெல்லப் பெரிதாகி வந்தது. மாலை நேரத்தில் காய்ச்சல் அடித்தது. இரவில் பனியன் நனையும் அளவுக்கு வியர்த்தது. மூன்று மாதங்களில் ஏழு கிலோ எடை குறைந்தது. உள்ளூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஊசி மூலம் எடுத்த மாதிரியில் முடிவு தெளிவாக வராததால், காசநோயாக இருக்கலாம் என்று கருதி அதற்கான மாத்திரைகளைத் தொடங்கினார்கள். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் கழுத்துக் கட்டி என்றதும் அந்த எண்ணம் முதலில் எழுவது இயல்புதான். ஆனால் திசுச் சோதனையால் உறுதி செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது, நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவரிடம் விலைமதிப்பில்லாத காலத்தைப் பறித்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்தும் கட்டி கரையாமல் வளர்ந்துகொண்டே போனபோதுதான் அவர் எங்களிடம் அனுப்பப்பட்டார்.

கட்டியை முழுதாக அறுத்தெடுத்துச் சோதித்ததில், பி-செல் என்ற வெள்ளை அணுவில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோயான ‘பரவிய பெரிய பி-செல் லிம்ஃபோமா’ என்று தெரிந்தது. இது வேகமாக வளரும் வகை என்றாலும், முழுமையாகக் குணமாக்கும் நோக்கத்துடனேயே சிகிச்சை அளிக்கப்படும் வகையும் ஆகும். புற்றணுக்களின் மேற்பரப்பில் சிடி20 என்ற புரதம் இருந்தது. நோய் உடலில் எங்கெல்லாம் உள்ளது என்று காட்டும் பெட் ஸ்கேனில் கழுத்து, அக்குள், வயிறு ஆகிய மூன்று இடங்களிலும் நெறிகட்டிகள் காணப்பட்டதால் நோய் மூன்றாம் நிலை என வகைப்படுத்தப்பட்டது. எலும்பு மஜ்ஜையில் நோய் இல்லை. நோய்ச்சுமையோடு ரத்தத்தில் உயரும் எல்டிஹெச் என்ற நொதியின் அளவு இயல்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. எக்கோ சோதனையில் இதயத்தின் இயக்கம் நன்றாக இருந்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவர் ஏற்கெனவே மாத்திரை எடுத்துவந்தார்.

மருந்து ஏற்றுவதற்கு முன் செய்த ரத்தச் சோதனைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் தற்போது உடலில் இருப்பதைக் காட்டும் சோதனை எதிர்மறையாக வந்தது. ஆனால் என்றோ ஒரு காலத்தில் அந்த வைரஸ் வந்துபோனதைக் காட்டும் உட்கரு எதிர்ப்பொருள் சோதனை நேர்மறையாக வந்தது. தமக்கு மஞ்சள் காமாலை வந்ததாக அவருக்கு நினைவே இல்லை. ஈரலில் ஒடுங்கிக் கிடக்கும் இந்த வைரஸ், அவருக்குத் தரவிருந்த மருந்துகளுள் ஒன்றான ரிடுக்ஸிமாப் கொடுக்கும்போது மீண்டும் தலைதூக்கி ஈரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இம்மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பை இன்னும் கடுமையாக்கியது. எனவே அவருக்கு அந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர் 0.5 மி.கி. மாத்திரையை, வெறும் வயிற்றில் தினம் ஒன்று எனத் தொடங்கினோம். இதைப் புற்றுநோய் மருந்து முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதங்கள் தொடர வேண்டும். மருந்தேற்றத்துக்குத் தயாராகும் எவரும், இந்த இரண்டு சோதனைகளும் தமக்குச் செய்யப்பட்டனவா என்று தயங்காமல் கேட்கலாம், கேட்பதே முறை.

மருந்துகளும் அளவும்

ஆர்-சாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சிகிச்சையில் ஐந்து மருந்துகள் உள்ளன. ரிடுக்ஸிமாப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகிய நான்கும் சிரை வழியாகச் செல்கின்றன; பிரட்னிசோலோன் மட்டும் மாத்திரையாக ஐந்து நாள் கொடுக்கப்படுகிறது. 21 நாளுக்கு ஒரு சுழற்சி. ரிடுக்ஸிமாப் 1997 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய்க்கென அங்கு ஒப்புதல் பெற்ற முதல் ஒற்றைப்படி எதிர்ப்பொருள் (ஒரே இலக்கில் மட்டும் ஒட்டும்படி உருவாக்கப்பட்ட புரத மருந்து) அதுவே. 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பழைய நான்கு மருந்துகளுடன் இதைச் சேர்த்தபோது நோய் முழுமையாக மறைந்தவர்கள் 63 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காடாக உயர்ந்தார்கள். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் 2007-இல் இதற்கிணையான மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே, நம் ஊர் நடுத்தரக் குடும்பங்கள் இதை நினைத்துப் பார்க்கக்கூடிய நிலை உருவானது.

வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. தென் மாவட்டங்களின் வானம் பார்த்த நிலங்களில் பயிராகும் அதே செடி. தம் ஊர்ப்பக்கம் அதைப் பயிரிடுகிறவர்களை நன்கு அறிந்திருந்த நோயாளிக்கு, ஐந்து பெயர்களுள் முதலில் மனத்தில் பதிந்தது இதுதான்.

உயரம் 165 செ.மீ., எடை 60 கிலோ என்பதைக் கொண்டு உடற்பரப்பு 1.66 சதுர மீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. ஒரு சதுர மீட்டருக்கு 375 மி.கி. என்ற விகிதத்தில் ரிடுக்ஸிமாப் 622 மி.கி. வந்தது. அதை 600 மி.கி. ஆகத் திருத்தி, ஒரு பெரிய குப்பியும் ஒரு சிறிய குப்பியும் மிச்சமின்றிப் பயன்படும்படி செய்தோம். இப்படிச் சில விழுக்காடு குறைப்பதால் பலன் குறைவதில்லை.

முதல் நாள்

மருந்தேற்ற நாளன்று காலையில் பட்டினியாக வரவேண்டும் என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. இவரும் காபிகூடக் குடிக்காமல்தான் வந்தார். அப்படியொரு தேவையே இல்லை. வழக்கமான காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கும் எடுத்துக்கொண்டு வருவதே நல்லது. கீழே உள்ள உணவகத்திலிருந்து இட்லி வாங்கிவரச் சொல்லி, அவர் சாப்பிட்ட பிறகே மாத்திரைகளைக் கொடுத்தோம். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் அன்று காலையில் போட வேண்டாம் என்று முன்னரே சொல்லியிருந்தோம். ரிடுக்ஸிமாப் ஏறும்போது அழுத்தம் தாழக்கூடும் என்பதால், 12 மணி நேரத்துக்கு முன்பிருந்தே அந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது வழக்கம்.

முன்கையில், முழங்கை மடிப்புக்குக் கீழே நேராக ஓடும் சிரை ஒன்றில் மருந்து செல்வதற்கான சிறு குழாயான கேனுலா போடப்பட்டது. மடிப்பில் போட்டால் கையை மடக்கும்போதெல்லாம் ஓட்டம் தடைப்பட்டு, மருந்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பம்பு அலறும். பிறகு கொடுக்கப்போகும் சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசினுக்கு அந்த இடம் ஆபத்தானதும்கூட. பாரசிட்டமால், பெனிரமைன் என்ற ஒவ்வாமை முறிமருந்து, ஹைட்ரோகார்டிசோன் ஆகியவை மருந்துக்கு அரைமணி நேரம் முன்பு தரப்பட்டன. கட்டிகள் வேகமாகக் கரையும்போது யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படாமலிருக்க அலோபுரினால் மாத்திரையும் உப்புநீரும் முந்தைய நாளே தொடங்கப்பட்டிருந்தன.

காலை 10.10-க்கு ரிடுக்ஸிமாப் மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கப்பட்டது. அரைமணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், நாடி, வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் 50 மி.கி. கூட்ட வேண்டும், உச்சவரம்பு மணிக்கு 400 மி.கி. இந்த வேகத்தில் தடையில்லாமல் சென்றால் 600 மி.கி. ஏற ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரம் ஆகும். காய்ச்சலுக்கு ஊர் மருத்துவரிடம் குளுக்கோஸ் ஏற்றி ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த நிதானம் பொறுக்காது. அவருடைய மகன் இரண்டு முறை வந்து, கொஞ்சம் வேகமாக விடலாமா என்று கேட்டார். கேட்பதில் தவறில்லை. ஆனால் பம்பு இல்லாத இடங்களில் உறவினரே குழாயின் சக்கரத்தைத் திருப்பி வேகம் கூட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

10.40-க்கு 100 மி.கி., 11.10-க்கு 150 மி.கி. என வேகம் கூட்டப்பட்டது. 11.25-க்கு அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டதைச் செவிலியர் கவனித்தார். அருகில் சென்றபோது பற்கள் கிட்டி, கட்டில் அதிரும்படி உடல் நடுங்கத் தொடங்கியிருந்தது. வெப்பநிலை 101.4 டிகிரி ஃபாரன்ஹீட். ரத்த அழுத்தம் 98/60. மார்பிலும் கழுத்திலும் சிவந்த தடிப்புகள். ஆக்சிஜன் அளவு 95 விழுக்காடு. மருந்து உடனே நிறுத்தப்பட்டது, உப்புநீர் தொடர்ந்தது. ஹைட்ரோகார்டிசோனும் பெனிரமைனும் மறுபடி தரப்பட்டன. நடுக்கத்துக்குத் தனியாக ஊசி போடப்பட்டது. இருபது நிமிடத்தில் நடுக்கம் நின்றது. 12.15-க்குத் தடிப்பு மங்கி, ரத்த அழுத்தம் 116/74 ஆனது. அதுவரை உள்ளே சென்றிருந்தது ஏறத்தாழ 112 மி.கி.

அப்போதுதான் அவர் சொன்னார்: “வேகம் கூட்டறதுக்கு முன்னாடியே தொண்டை லேசா அரிச்சுது சிஸ்டர். சொன்னா மருந்த நிறுத்திருவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன்.”

இந்த நிகழ்வில் வாசகர் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி இதுதான் என்று கருதுகிறோம். இரண்டு மாதம் தவறான மாத்திரை சாப்பிட்டு, கடன் வாங்கிப் பெட் ஸ்கேன் எடுத்து, ஒருவழியாகச் சரியான மருந்தின் முன் வந்து உட்கார்ந்த ஒரு மனிதர், அது கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தில் தம் தொண்டை அரிப்பை விழுங்கிக்கொண்டார். அந்த அச்சத்தைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் அது முற்றிலும் தேவையற்ற அச்சம். தொண்டை அரிக்கும்போதே சொல்லியிருந்தால் வேகத்தைக் கூட்டாமல் நிறுத்திப் பார்த்திருப்போம். நடுக்கம் வராமலேகூடப் போயிருக்கலாம்.

ரிடுக்ஸிமாப் சிடி20 உள்ள அணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை உடலின் எதிர்ப்பாற்றலுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அணுக்கள் கூட்டமாக அழியும்போது சைட்டோகைன் எனும் வேதிப்பொருள்கள் ஒரேயடியாக ரத்தத்தில் கலக்கின்றன. காய்ச்சல், குளிர், அழுத்தத் தாழ்வு ஆகியவை பெரும்பாலும் இதனால் வருபவை. நோய்ச்சுமை மிகுந்திருக்கும் முதல் ஏற்றத்தில்தான் இது அதிகம். தொடங்கி 30 நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டுவதே வழக்கம். கட்டி கரையக் கரைய அடுத்தடுத்த ஏற்றங்களில் குறைந்துகொண்டே போகும். “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று வீட்டார் முடிவு கட்டிவிடும் இந்த நடுக்கம், பெரும்பாலானோரிடம் மருந்தைக் கைவிடுவதற்கான காரணமே அன்று. மூச்சுத்திணறல் கடுமையாவது, நாக்கோ தொண்டையோ வீங்குவது, ரத்த அழுத்தம் சரிந்து மீளாமலிருப்பது ஆகியவை வேறு. அவை தோன்றினால் அட்ரினலின் உட்பட எல்லாம் தயாராக இருக்கும் இடத்தில்தான் மருந்தேற்றம் நடக்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

12.20-க்கு, நிறுத்தியபோது இருந்த வேகத்தில் பாதியான 75 மி.கி. வேகத்தில் மருந்து மீண்டும் தொடங்கப்பட்டது. மருத்துவர் ஒருவர் முதல் அரைமணி நேரமும் அருகிலேயே இருந்தார். அதன் பிறகு எதுவும் நேரவில்லை. 3.10-க்கு மருந்து முடிந்தது. கழிப்பறைக்குச் செல்லும்போது பம்பைக் கம்பத்தோடு தள்ளிக்கொண்டு போகலாம் என்பது தெரியாமல், அதுவரை அவர் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்ததும் பிறகே தெரியவந்தது. இதையும் முதலிலேயே சொல்லிவிடுவது இப்போது எங்கள் வழக்கம்.

இரண்டாம் நாள்

நடுக்கம் வந்திருந்ததால் மற்ற மூன்று மருந்துகளையும் மறுநாளைக்குத் தள்ளினோம். இரண்டு நாளாகப் பிரிக்காமல் ஒரே நாளில் கொடுப்பதும் உண்டு. அவரவர் நிலையைப் பொறுத்தது.

முதலில் டாக்ஸோரூபிசின் 80 மி.கி. இது செந்நிறமானது, ஊசிக்குழலில் எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் உப்புநீரோடு மெதுவாகச் செலுத்தப்படுவது. செவிலியர் சிறிது மருந்து செலுத்துவதும், குழலைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும், மறுபடி செலுத்துவதுமாக இருப்பார். சிரைக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் அழுகிப் புண்ணாகிவிடும் தன்மை இதற்கு உண்டு. எரிச்சல், வலி, இறுக்கம் என எது தோன்றினாலும் அந்த நொடியிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முந்தைய நாள் நிகழ்ந்ததற்குப் பிறகு நாங்கள் வற்புறுத்திச் சொன்னதால், இம்முறை அவர் குழாய் தொட்ட இடத்தில் குளிர்ச்சியாக இருப்பதைக்கூடச் சொன்னார். அது உப்புநீரின் குளிர்ச்சி மட்டுமே என்றாலும், சொன்னதற்காக அவரைப் பாராட்டினோம். ஒன்றிரண்டு நாளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை என்பதையும் முன்னரே எச்சரித்திருந்தோம். இதைச் சொல்லாமல் விட்டால் இரவோடு இரவாக அவசரப் பிரிவுக்கு ஓடி வருபவர்கள் உண்டு.

அடுத்து வின்கிரிஸ்டின். கணக்குப்படி 2.3 மி.கி. வந்தாலும், நரம்புகளைக் காக்க 2 மி.கி.-க்கு மேல் கொடுப்பதில்லை. இம்மருந்து சிரைக்கு மட்டுமே உரியது. முதுகுத்தண்டு நீரில் தவறிச் செலுத்தப்பட்டால் உயிருக்கே முடிவாகிவிடும். அத்தகைய தவறு உலகின் பல இடங்களில் நேர்ந்திருப்பதால், இதை ஊசிக்குழலில் எடுத்து வைக்காமல் சிறு உப்புநீர்ப் பையில் கலந்தே தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவுறுத்தியது. அவருக்கும் 50 மி.லி. பையில்தான் தரப்பட்டது. கடைசியாகச் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 1,250 மி.கி. ஒரு மணி நேரத்தில் ஏறியது. இது சிறுநீர்ப்பையை அரிக்கக்கூடியது என்பதால் அன்றும் மறுநாளும் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொன்னோம். வாந்தி வராமலிருக்க முன்கூட்டியே மருந்து கொடுத்திருந்ததால், குமட்டல் லேசாக இருந்ததே தவிர, அவர் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை.

பிரட்னிசோலோன் 100 மி.கி. சாப்பிட்ட ஐந்து நாட்களில் சர்க்கரை 310 வரை ஏறியது. அந்த நாட்களுக்கு மட்டும் அவருக்கு இன்சுலின் போட மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். தூக்கம் கெட்டது, பசி தாறுமாறாக எடுத்தது. மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் போடும்படி மாற்றியதும் தூக்கம் ஓரளவு திரும்பியது.

வீட்டில்: பத்தாம் நாள்

எல்லாரையும் கலங்கடித்த குளிர்நடுக்கத்தைவிட, இவருடைய உயிருக்கு அருகில் வந்துபோன ஆபத்து பத்தாம் நாள் மாலை எந்த ஆரவாரமும் இல்லாமல் வந்தது. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கும். அந்த நாட்களில் சீழ் பிடிக்காது, தொண்டை சிவக்காது, சளி கட்டாது. ஏனெனில் அவற்றை உண்டாக்கும் வெள்ளை அணுக்களே இருக்காது. காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால், இரவோ விடுமுறையோ பாராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று தமிழில் அச்சிட்ட அட்டை ஒன்றை வீட்டுக்கு அனுப்பும்போதே கொடுத்திருந்தோம்.

அன்று மாலை உடம்பு லேசாகச் சுடுவதாக அவர் சொன்னதும், அலைச்சல் சூடாக இருக்கும், ஒரு பாரசிட்டமால் போட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்று அவர் மனைவி கருதினார். மாத்திரை கைக்கு வருவதற்குள், இன்சுலினோடு தெர்மாமீட்டரையும் பொறுப்பேற்றிருந்த மருமகள், “மாமா, மாத்திரைய அப்புறம் போட்டுக்கலாம், மொதல்ல பாத்திருவோம்” என்று சொல்லி வெப்பநிலையைப் பார்த்தார். 101.1 இருந்தது. அட்டையில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டு, வாடகைக் கார் பிடித்து இரவு 9 மணிக்குள் அழைத்து வந்துவிட்டார். பாரசிட்டமால் போட்டிருந்தால் காய்ச்சல் தற்காலிகமாக இறங்கி, எல்லாரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள், கிருமி தூங்கியிருக்காது.

கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை 300 மட்டுமே இருந்தது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு மாதிரி எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற கிருமிக்கொல்லி சிரை வழியாகத் தொடங்கப்பட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. இது பலருக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால் மருந்து வீண் என்று ஆகிவிடாது. ஐந்தாம் நாள் எண்ணிக்கை 1,800 ஆக உயர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பினோம். அந்த இரவில் அவரைக் காப்பாற்றியது எங்கள் மருந்து மட்டுமே என்று நாங்கள் எண்ணவில்லை. தெர்மாமீட்டரைக் கையில் எடுத்த மருமகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. நோயாளியோடு ஒருவரையாவது உட்கார வைத்து, அட்டையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை எல்லா மையங்களும் கட்டாயமாக்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.

அடுத்த சுழற்சிகள்

இரண்டாவது சுழற்சியில் முன்மருந்துகளை அப்படியே கொடுத்து, முதல் முறை எதிர்வினை இருந்ததால் ரிடுக்ஸிமாபை மறுபடியும் 50 மி.கி. வேகத்திலேயே தொடங்கினோம். நடுக்கம் வரவில்லை. மூன்றாவதிலிருந்து 100 மி.கி. வேகத்தில் தொடங்கி, எல்லா மருந்துகளையும் ஒரே நாளில் முடிக்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் மருந்து முடிந்து 24 மணி நேரம் கழித்து, வெள்ளை அணுக்களைப் பெருக்கும் பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி போடப்பட்டது. அதனால் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இரண்டு நாள் வலித்தது. காய்ச்சல் மீண்டும் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் தலைமுடி உதிரத் தொடங்கியது. இரண்டாம் சுழற்சி முடிவதற்குள் கழுத்துக் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போயிற்று.

நான்காவது சுழற்சிக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுவதாக அவர் தாமாகவே வந்து சொன்னார். முதல் நாள் தொண்டை அரிப்பை மறைத்த அதே மனிதர். கேட்காமல் வந்த அந்தச் செய்தி எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. வின்கிரிஸ்டினின் அளவைப் பாதியாகக் குறைத்தோம். நாள்பட்டிருந்தால் மரமரப்பு நிலைத்துப் போயிருக்கக்கூடும். அதே மருந்தால் வந்த மலச்சிக்கலுக்கு, முக்கிச் சிரமப்படாமலிருக்க, முதல் சுழற்சியிலிருந்தே மருந்து தரப்பட்டிருந்தது.

ஆறு சுழற்சிகளில் அவர் பெற்ற டாக்ஸோரூபிசின், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 மி.கி. இதயத்துக்குக் கேடு விளையும் வாய்ப்பு வேகமாக உயரும் 450-550 என்ற எல்லைக்கு இது வெகுவாகக் கீழே. முடிவில் எடுத்த எக்கோவில் மாற்றமில்லை. கடைசி மருந்துக்கு எட்டு வாரம் கழித்து எடுத்த பெட் ஸ்கேனில் நோய் எங்கும் இல்லை.

வேறு வகை ரத்தப் புற்றுநோய்களில்

இவருடைய அனுபவத்தை எல்லா ரத்தப் புற்றுநோய்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. கடுமையான மைலாய்டு ரத்தப் புற்றில் சைட்டராபின் ஏழு நாள் இரவும் பகலும் இடைவிடாமல் ஏறும். முதல் மூன்று நாள் டானோரூபிசினும் சேரும். அணுக்கள் மீள ஏறக்குறைய நான்கு வாரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டியிருக்கும். பலருக்கு நெஞ்சுப் பகுதியில் மையச் சிரைக் குழாய் தேவைப்படும். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்ற புற்றுநோய்க்கான டராடுமுமாபின் முதல் ஏற்றம் மட்டும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் பிடிக்கும். பிளினாடுமோமாப் என்ற மருந்து, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு பம்பு மூலம் 28 நாள் தொடர்ந்து ஏறுவது. ரிடுக்ஸிமாபையும் டராடுமுமாபையும் சில நிமிடங்களில் வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்தும் வடிவங்கள் இப்போது உள்ளன; ரிடுக்ஸிமாபைப் பொறுத்தவரை முதல் முறை சிரை வழியாக முழுதாக ஏற்றித் தாங்கியவர்களுக்கே அது தரப்படும். விலையும் கிடைக்கும் இடமும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுவதால், தமக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தம் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும், முதல் சுழற்சிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும். இடையில் பணமில்லாமல் ஒரு சுழற்சி தள்ளிப்போவது நோய்க்கு இடம் கொடுப்பதாகும்.

தற்போதைய நிலை

சிகிச்சை முடிந்து ஓராண்டு நெருங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். கால் விரல்களில் மட்டும் லேசான மரமரப்பு மிஞ்சியிருக்கிறது. வெறுங்காலுடன் நடக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியுள்ளோம். என்டெகாவிர் தொடர்கிறது, அதை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் ஈரல் சோதனைகள் செய்யப்படும். ரிடுக்ஸிமாப் உடலின் நல்ல பி-செல்களையும் அழித்துவிடுவதால், முதல் ஆறு மாதங்களுக்குத் தடுப்பூசி எதுவும் பெரிதாகப் பலன் தராது. அந்தக் காலம் கழிந்ததால் நிமோனியாவுக்கும் இன்ஃப்ளுயன்ஸாவுக்கும் உரிய தடுப்பூசிகளை இம்மாதம் போட்டோம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் தவிர்க்கப்படுகின்றன. அடுத்த வருகையில் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலினின் அளவு பார்க்கப்படும்.